அரிசி மூட்டைக்கு அப்புறம்? பக்கத்து வீட்டைக் கவனிக்க ஒரு சபை எங்கே தொடங்குவது

பாலக்கோடு சபையார் | நவம்பர் 9, இரவு 9.10

எங்கள் சபை சுமார் அறுபது குடும்பம். ஒவ்வொரு டிசம்பரிலும் ஐந்து கிலோ அரிசி, ஒரு சேலை அல்லது வேட்டி, ஒரு கேக் கொடுக்கிறோம். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சபைக்கு வெளியே உள்ளவர்கள். இந்த வருடம் கமிட்டியில் ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. அதே பணத்தை வருடம் முழுக்கப் பிரித்து, படுக்கையில் கிடக்கிறவர்கள், பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்ட தனி முதியவர்கள், இவர்கள் வீட்டுக்கு வாராவாரம் போகலாமே என்று. எதிர்ப்பும் இருக்கிறது: "நாம டாக்டரா, நர்சா? போய் என்ன பண்றது?"

போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. மத்தேயு 25-ல் நோயாளியைக் குணமாக்கினாயா என்று கேட்கவில்லை, பார்க்க வந்தாயா என்றுதான் இருக்கிறது. ஆனால் நடைமுறை தெரியாமல் இறங்கக்கூடாது. மாதம் 15,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரூர் அன்பியம் | நவம்பர் 9, இரவு 10.35

முதலில் வீட்டு எண்ணிக்கையைக் குறையுங்கள். அறுபது குடும்பச் சபை ஐந்து வீட்டுக்கு மேல் எடுத்தால் மூன்றாம் மாதம் நின்றுவிடும். வாராவாரம் வந்தவர்கள் திடீரென்று நின்றால் அந்த வீட்டுக்கு அது இன்னொரு கைவிடல். ஐந்தே வீடு, ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். "செவ்வாய்க்கிழமை நாலரைக்கு வருவாங்க" என்று அந்தப் பாட்டிக்கு மனப்பாடம் ஆக வேண்டும்.

இருவராகப் போவது பழைய வழக்கம். 1833-ல் பாரிசில் ஓசானாம் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர் இன்றும் அப்படித்தான் வீடு பார்க்கிறார்கள். காரணம் எளிது. ஒருவர் நோயாளியிடம் உட்காருவார், மற்றவர் அடுப்படியில் கவனித்துக்கொண்டிருக்கும் மருமகளிடம் பேசுவார். பண விஷயத்தில் பழி வராது. பெண் நோயாளி என்றால் இருவரில் ஒருவராவது பெண்.

எந்த ஐந்து வீடு என்பதை கமிட்டி அறையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரையும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரையும் கேளுங்கள். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள். யார் வீட்டில் மாத்திரை தீராமல் அப்படியே கிடக்கிறது, யார் வீட்டில் கதவு திறக்க ஆளில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பஞ்சாயத்துத் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

காரிமங்கலம் வாசகர் | நவம்பர் 10, காலை 6.50

லூக்கா 10:34, 35 இரண்டு வசனத்தையும் கமிட்டியில் வேலைப் பட்டியலாக வாசியுங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவன் கிட்டே அந்தச் சமாரியன் போனான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்துக்குக் கொண்டுபோய் அன்றைக்கு அவனே பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். மத்தேயு 20-ல் திராட்சைத் தோட்டத்துக் கூலி நாளுக்கு ஒரு பணம், ஆக இரண்டு நாள் கூலி. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான்.

இதில் பெரும்பாலான சபைகள் விட்டுவிடுவது இரண்டு இடங்களை. ஒன்று, சத்திரக்காரன். எல்லாவற்றையும் தானே செய்யாமல், செய்யத் தெரிந்தவனிடம் ஒப்படைக்கிறான். நமக்கு அது ஆரம்ப சுகாதார நிலையம். இன்னொன்று, திரும்பி வருவேன் என்ற வாக்கு. "டாக்டரா, நர்சா" என்று கேட்டவருக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

பென்னாகரம் செவிலி | நவம்பர் 10, மதியம் 1.20

மேலே உள்ளதற்கு ஒரு சேர்க்கை. அந்தக் காலத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தார்கள். இப்போது புண்ணில் எண்ணெய், மஞ்சள், சாம்பல், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு போட்டு ஆறவிட்டால் புண் கழுவும் நீர் தயார். அன்றன்றைக்குப் புதிதாக. கழுவிச் சுத்தத் துணியால் ஒற்றி எடுத்து, செவிலியர் சொன்ன கட்டைப் போடுங்கள். நாற்றம் அடிக்கும் புண், கறுத்த புண், எலும்பு தெரியும் புண் இவற்றைத் தொடாமல் செவிலியரைக் கூப்பிடுங்கள்.

படுக்கைப் புண் வராமல் பார்ப்பதுதான் உங்கள் வேலையில் பாதி. பின்மண்டை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, இடுப்பின் பின் எலும்பு, பக்க இடுப்பு, குதிகால், கணுக்கால். ஒவ்வொரு முறையும் இத்தனை இடமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. ஆகவே புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றுத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முழுப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் பக்க இடுப்பு எலும்பில் பாரம் விழும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை முட்டுக் கொடுத்துச் சற்றே சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துணி வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. சிவந்த இடத்தில் ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பார்கள், பவுடர் கொட்டுவார்கள், நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வைப்பார்கள். மூன்றுமே கெடுதல். வளையம் சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தையும் நிறுத்திவிடும்.

வாரம் ஒரு நாள் போகிற நீங்கள் இரண்டு மணிக்கொரு தரம் திருப்ப முடியாது. திருப்புகிறவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். சுவரில் ஒரு தாள் ஒட்டி, காலை 6 இடப்பக்கம், 8 நேர், 10 வலப்பக்கம் என்று எழுதிவிடுங்கள். படிக்கத் தெரியாத வீட்டில் படம் வரையுங்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகர் | நவம்பர் 10, இரவு 8.05

மெத்தை பற்றி. மாதம் 15,000-ல் முதல் செலவாக இரண்டு காற்று மெத்தை (படுக்கைப் புண் வராமல் இருக்க, மின் பம்பு காற்றடிக்கும் மெத்தை) வாங்கிக் கடனாகக் கொடுங்கள். பிறகு கமோடு நாற்காலி, வாக்கர், சக்கர நாற்காலி. கடன் புத்தகத்தில் பெயர், பொருள், தேதி, கையெழுத்து இருக்கட்டும், முன்பணம் வாங்காதீர்கள். திரும்பி வந்ததும் லிட்டருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிந்த நீரால் துடைத்து, பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் துடைத்து, நிழலில் காயவைத்து அடுத்தவருக்கு.

காற்று மெத்தை கெட்டுப்போகும் காரணங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கயிற்றுக் கட்டில் அல்லது நாடாக் கட்டில் மேல் விரித்தால் நடுவில் தொங்கி, இடுப்பு கட்டிலில் முட்டும். கீழே பலகை வேண்டும். எலி ரப்பர்க் குழாயைக் கடிக்கும், அதனால் குழாயைத் தரையில் விடாமல் கட்டில் காலோடு கட்டுங்கள். மேலே தடித்த போர்வையும் பிளாஸ்டிக் தாளும் விரித்தால் மெத்தை போட்டும் போடாத மாதிரிதான். ஒரே ஒரு மெல்லிய நூல் துணி. கரண்ட் போனால் காற்று இறங்கும் என்பதால் அந்த நேரம் கையால் திருப்புவது தொடர வேண்டும். காற்று சரியா என்று பார்க்க, நோயாளியின் இடுப்புக்கும் மெத்தைக்கும் கீழே உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை.

மெத்தை வந்துவிட்டது என்று திருப்புவதை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

பாலக்கோடு சபையார் | நவம்பர் 11, காலை 7.30

நன்றி. உணவு? கேழ்வரகுக் கூழ் எல்லா வீட்டிலும் இருக்கிறது, வயதானவர்களுக்குத் தண்ணியாகக் கரைத்துக் கொடுத்தால் நல்லது என்று மகளிர் ஐக்கியத்தில் சொல்கிறார்கள். சர்க்கரைக்கும் நல்லதாமே.

பென்னாகரம் செவிலி | நவம்பர் 11, மதியம் 2.00

இரண்டிலும் கவனம் வேண்டும்.

பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணியான பொருள்தான் ஆபத்து. வெறும் தண்ணீர், நீர்மோர், கரைத்த கூழ் இவை தொண்டையில் வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கும். அடுத்த வாரமே நிமோனியா. கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் திட்டுத்திட்டாக விழும் பதம் வேண்டும். களியாகக் கெட்டியாய் இருந்தாலும் அடைக்கும். நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, அரைக் கரண்டி, விழுங்கியதைப் பார்த்த பின் அடுத்த அரைக் கரண்டி. பக்கவாதம் வந்த பக்கத்துக் கன்னத்தில் உணவு தேங்கும், கடைசியில் துணி சுற்றிய விரலால் துடைத்தெடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்கக்கூடாது. சாப்பிடும்போது இருமல், அல்லது சாப்பிட்டதும் குரல் கரகரப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை: கேழ்வரகை மாவாக்கிக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அடையாக, கீரையும் பயறும் சேர்த்து, அளவோடு சாப்பிடலாம். "ராகிதானே" என்று சொம்பு சொம்பாகக் குடிப்பதைத் தடுக்க வேண்டும்.

அரூர் அன்பியம் | நவம்பர் 11, இரவு 9.15

அரிசியை முழுக்க விட வேண்டியதில்லை. பிடியரிசி வழக்கம் உங்கள் சபையில் இருந்ததா? உலையில் போடும்முன் ஒரு பிடி எடுத்து வைப்பது. ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம், நாளைக்கு இருவேளை என்றால் ஒரு வீட்டில் மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் சேரும். முப்பது வீடு சேர்ந்தால் ஐந்து வீட்டுக்குப் போதும், மிஞ்சவும் செய்யும். சிக்கல் கலப்படம். ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி எல்லாம் ஒரே பையில் சேர்ந்தால் ஒரே மாதிரி வேகாது. மூன்று டப்பா வையுங்கள். பழைய அரிசி தீராமல் புதியதைக் கொட்டினால் வண்டு பரவும். தனியாக இருக்கும் முதியவருக்குக் கேழ்வரகைத் தானியமாகக் கொடுத்தால் மில்லுக்குப் போக ஆளிருக்காது, மாவாக ஒவ்வொரு கிலோவாகக் கொடுங்கள்.

வீட்டில் என்ன இல்லை என்று பார்த்தபின் வாங்குங்கள். பல வீட்டில் அரிசி இருக்கும், விறகோ கேஸோ இருக்காது.

காரிமங்கலம் வாசகர் | நவம்பர் 12, காலை 7.10

தண்ணீரை யாரும் தொடவில்லையே. தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு "தாகமாயிருந்தேன்" என்ற வசனத்தை ஃபுளோரைடு இல்லாமல் வாசிக்க முடியாது.

ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்திய தர அளவு. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் தொடங்கிவைத்தார்கள், அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோய்) தடுப்பு இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குள் போனால் குடத்தில் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். படுக்கையில் கிடக்கிறவருக்கு ஒகேனக்கல் தண்ணீர் வரும் நேரத்தில் குழாயடிக்குப் போக ஆளிருக்காது, பக்கத்தில் இருக்கும் போர் தண்ணீரையே குடிப்பார். உங்கள் இளைஞர் ஐக்கியத்துக்கு ஏற்ற வேலை: தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் பிடித்துக் கொடுப்பது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்தாறு லிட்டர். குளிக்க, துவைக்க போர் தண்ணீர் போதும்.

கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். துணியில் வடிகட்டுவதும் மண்பானையில் ஊற்றிவைப்பதும் பயன்படாது. வீட்டு ஆர்.ஓ. நீக்கும். சில ஊரில் ஒரே மேல்நிலைத் தொட்டியில் இரண்டு தண்ணீரையும் ஏற்றுவார்கள், தொட்டி இயக்குபவரைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்கலாம். மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள், கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும்.

தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கிறது என்றால் கர்ப்பிணிக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் முதல் பங்கு. நிலைத்த பற்கள் உள்ளே உருவாகும் வயது அது. அப்போது விழுந்த கறை பிறகு போகாது.

பென்னாகரம் செவிலி | நவம்பர் 12, மதியம் 1.45

ஆமாம். வருடக்கணக்கில் அந்தத் தண்ணீர் குடித்துக் கழுத்தும் முதுகும் விறைத்தவர்களை "எக்சர்சைஸ்" என்று இழுத்து நிமிர்த்த வேண்டாம். இயன்முறை மருத்துவர் சொன்னதை மட்டும் செய்யுங்கள்.

ஓசூர் சபை உறுப்பினர் | நவம்பர் 13, இரவு 10.20

ஒரு அடிப்படைக் கேள்வி. சபைக்குள்ளேயே கஷ்டப்படுகிற விதவைகள் இருக்கிறார்கள். கலாத்தியர் 6:10 விசுவாசக் குடும்பத்தாருக்கு விசேஷமாகச் செய்யச் சொல்கிறது. வெளியே போகுமுன் உள்ளே பார்க்க வேண்டாமா? இன்னொன்று, போகிற வீட்டில் ஜெபிக்கலாமா?

தேன்கனிக்கோட்டை வாசகர் | நவம்பர் 14, காலை 6.15

அதே வசனம் முதலில் எல்லோருக்கும் நன்மை செய்யச் சொல்லிவிட்டுத்தான் விசேஷமாக என்கிறது. சபை விதவை விடுபடுவதும் தவறுதான், அப்போஸ்தலர் 6-ல் அந்தக் குறைக்காகவே ஏழு பேரை நியமித்தார்கள். ஐந்து வீட்டில் இரண்டு சபை வீடாக இருக்கட்டும். ஒன்று யோசியுங்கள். கிறிஸ்தவத்தை ஒழிக்க நினைத்த ரோமப் பேரரசன் ஜூலியன் 362 வாக்கில் கலாத்தியா நாட்டுப் பூசாரித் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் ஆதரிக்கிறார்களே என்று குறைப்பட்டான். பவுல் நிருபம் எழுதிய அதே கலாத்தியா.

ஜெபம்: அவர்கள் கேட்டால் மட்டும். கைப்பிரதி, காலண்டர், வசன ஸ்டிக்கர் எதுவும் பையில் வேண்டாம். படுக்கையை விட்டு எழ முடியாதவர் மறுத்துச் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறார். அவருக்குத் தேவையானது நம் கையில் இருக்கும்போது நாம் கேட்கும் எதற்கும் அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை விசுவாசம் என்று எண்ணுவது அவருக்கும் அநியாயம், கர்த்தருக்கும் அவமரியாதை. அவர் வீட்டு மாரியம்மன் படத்துக்குக் கீழே உட்கார்ந்தே காலைத் துடைத்துவிடலாம். போட்டோ எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் நோயாளி முகம் போனால் அந்தத் தெருவில் அடுத்த கதவு திறக்காது. எங்கள் மலைப்பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் அதிகம், இருவரில் ஒருவருக்காவது அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். வலி எங்கே என்று பாட்டி தன் மொழியில்தான் சொல்வாள்.

அரூர் அன்பியம் | நவம்பர் 14, இரவு 9.00

ஜெபம் பற்றி முழுக்க உடன்படுகிறேன். ஒரு திருத்தம் மட்டும்: கேட்டால் மறுக்கவும் கூடாது, நீட்டவும் கூடாது.

கணக்கு: 2 கொரிந்தியர் 8:20-ல் பவுல் தர்மப் பணத்தில் யாரும் குறை சொல்ல இடம் வைக்காமல் பார்த்துக்கொள்கிறார். இரண்டு கையெழுத்து, மாதக் கடைசியில் தொகை மட்டும் அறிவிப்புப் பலகையில், வாங்கினவர் பெயர் வேண்டாம். கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். மருந்துக் கடைக்கும் மளிகைக்கும் நேரே கட்டுங்கள்.

காரிமங்கலம் வாசகர் | நவம்பர் 15, காலை 11.30

உங்கள் 15,000 தவிர இன்னொரு பணம் அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். ஐந்து முதியவருக்கு வாங்கிக் கொடுத்தால் வருடத்துக்கு 72,000. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் கொண்டுபோங்கள். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியருக்குப் போகும்.

தடைபடும் இடங்கள் தெரிந்தவைதான். ஆதாரில் வயது குறைவாக இருக்கும், அதை முதலில் திருத்துங்கள். அட்டையில் மகன் பெயர் இருக்கும், அவனோ பெங்களூரில் கட்டட வேலையில், பணமும் அனுப்புவதில்லை. விசாரணைக்கு அலுவலர் வரும் நாளில் நம்மவர் ஒருவர் கூட இருந்து நிலைமையைச் சொல்ல வேண்டும். பணம் அனுமதியாகியும் வராவிட்டால் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரேஷனில் கைரேகை விழாதவர்களுக்குக் கருவிழிப் பதிவு உண்டா, கடைக்கு வர முடியாதவர் சார்பில் வேறு ஆள் வாங்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டத்தில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாத வீட்டுக்கு முதல் மாதமே எடுத்துவிடுங்கள், இடுப்பு உடைந்த பிறகு அலையக்கூடாது.

பென்னாகரம் செவிலி | நவம்பர் 16, மாலை 5.10

இத்தனை பேசியும் கவனிக்கிறவரைப் பற்றி ஒரு வரிதான் வந்திருக்கிறது. மனைவியோ மருமகளோ, சில வீட்டில் பள்ளிக்கூடம் நின்றுபோன பேத்தியோ. இரவில் நாலு முறை எழுந்து திருப்புகிறவள் அவள். உங்கள் இருவர் வாரத்தில் இரண்டு மணி நேரம் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து அவளை வெளியே அனுப்பினால், நான் மேலே எழுதின எல்லாவற்றையும்விட அதற்கு மதிப்பு அதிகம். எங்கே போனாய் என்று கேட்காதீர்கள். தூங்கட்டும், தலைக்குக் குளிக்கட்டும், தாய் வீட்டுக்குப் போய்வரட்டும். தனியாக உட்காருமுன் அவளிடம் மூன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசியாக எப்போது திருப்பினாய், எப்போது சாப்பிட்டார், மூத்திரக் குழாய் போட்டவர் என்றால் அதில் மாட்டிய பையில் எவ்வளவு இருந்தது.

அந்த மூத்திரப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, முக்கால்வாசி நிறையுமுன் காலி செய்ய வேண்டும். நாலு மணி நேரமாக ஒன்றும் இறங்காமல் அடிவயிறு உப்பினால் குழாய் மடங்கியிருக்கிறதா, உடம்புக்கு அடியில் சிக்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடைப்பு, செவிலியரைக் கூப்பிடுங்கள். குளிரோடு காய்ச்சல் வந்தால் 108.

1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கின வலி நிவாரண இயக்கம் கேரளத்தில் பரவினது சாதாரண அக்கம்பக்கத்தாருக்கு இந்த வேலைகளைக் கற்றுக்கொடுத்ததால்தான். மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கியது. நம் ஆட்களாலும் முடியும்.

பாலக்கோடு சபையார் | நவம்பர் 17, இரவு 9.40

கமிட்டி ஒத்துக்கொண்டது. ஐந்து வீடு, பத்துப் பேர், புதன்கிழமை மாலை. டிசம்பர் கேக் இருக்கும், சேலைக்குப் பதில் மெத்தை. போதகர் ஐயரும் ஒரு ஜோடியில் சேர்கிறார். இரண்டு சந்தேகம்: நோயாளி இறந்துவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடுவதா? பையில் என்னென்ன வைக்க வேண்டும்?

அரூர் அன்பியம் | நவம்பர் 17, இரவு 10.15

கருமாதிக்குப் பிறகுதான் அந்த வீட்டில் ஆள் வரத்து நிற்கும். குறைந்தது மூன்று மாதம் அதே புதன்கிழமை போங்கள். விதவை உதவித்தொகைக்கு இறப்புச் சான்று வாங்க வேண்டியிருக்கும், 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்தால் கட்டணம் இல்லை.

பென்னாகரம் செவிலி | நவம்பர் 18, மதியம் 1.10

பை: கையுறை ஒரு பெட்டி, சோப்பு, துண்டு இரண்டு, சுத்தமாகத் துவைத்த பழைய நூல் சேலைத் துண்டுகள், தேங்காய் எண்ணெய் (புண் இல்லாத காய்ந்த தோலுக்கு மட்டும்), வெப்பமானி, டார்ச், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், நோட்டுப் புத்தகம், நகவெட்டி. நோட்டில் தேதி, தோல், சாப்பாடு, மலம், வலி, அடுத்த வாரம் கொண்டுவர வேண்டியது, இவ்வளவு போதும். மலம் மூன்று நாள் போகாவிட்டால் எழுதி வைக்காமல் அன்றே சொல்லுங்கள். நகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்ட வேண்டாம். தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள், சர்க்கரை உள்ளவர் காலுக்குச் சூடு தெரியாது. அவர்கள் கால் நகத்தை முதல் தடவை செவிலியர் இருக்கும்போது வெட்டுங்கள்.